விதைத்த தேதி

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை கரிசல் பகுதியில் இருக்கிறது. புரட்டாசி பிறந்தால் பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். காப்பீட்டு விண்ணப்பத்தில் ‘விதைத்த தேதி’ என்று ஒரு கட்டம் உண்டு. பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், பரப்பு, பயிர் என்று மற்றக் கட்டங்கள் எப்படியோ நிரம்பிவிடும். இந்த ஒரு கட்டத்தில்தான் பேனா நிற்கும். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: “எந்தத் தேதிய ஸார் போட? வெத போட்ட தேதியா, மழ பேஞ்ச தேதியா?”

விதை போட்டது என்றைக்கு என்று கேட்டேன். புரட்டாசி பத்து என்றார். அதையே எழுதுவோம் என்றேன். “அன்னைக்கு மண்ணுல ஈரமே இல்லையே ஸார். வெதச்சாச்சுன்னு எப்பிடிச் சொல்ல?” என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் விண்ணப்பத்தை வாங்கி, செப்டம்பர் 26 என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவர் அதிருப்தியோடு போனாரா, நிம்மதியோடு போனாரா என்று கவனிக்கவில்லை. அடுத்தவருடைய சர்வே எண்ணைச் சரிபார்க்கத் தொடங்கியிருந்தேன்.

அவர் கேட்டது கேலியுமில்லை, அறியாமையுமில்லை. மானாவாரிப் பருத்தியில் விதைப்பு எது என்ற அடிப்படையான கேள்வி அது. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் கரிசலில் பருத்தி போட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரியும். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது தெரியாமல் போயிற்று. இந்தக் கட்டுரை ஒரு வகையில் அந்த மறதியைப் பற்றியது. இதைப் போன்ற ஒரு பத்திரிகையில் அதே மறதியோடு நான் எழுதிய ஒரு விமர்சனத்தைப் பற்றியதும்கூட.

மழை பெய்யும், உழுவார்கள், விதைப்பார்கள் என்பது பொதுவாகப் புத்தகங்களில் காணும் விவசாயம். கரிசலில் அது நடப்பதில்லை. இந்த மண்ணின் களி ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நல்ல மழை பெய்தபின் சில நாட்களுக்கு மாடும் ஏரும் காட்டுக்குள் இறங்க முடியாது. நடக்கிறவன் காலோடு காட்டையே தூக்கிக்கொண்டு நடப்பான். இறங்கத் தக்க பதம் வரும்போது விதைக்கு வேண்டிய மேல் ஈரம் போய்விட்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை சுமார் அக்டோபர் 20-ல் தொடங்கி டிசம்பரோடு முடிந்துவிடுகிற மழை. அதன்பின் தை, மாசி, பங்குனி என்று செடி மண்ணுக்குள் தங்கிய ஈரத்தை நம்பி நின்றே காய் பிடித்து வெடிக்க வேண்டும். ஆரம்பத்தில் தவறவிட்ட பத்து நாள் கடைசியில் காயில் தெரியும். எனவே மழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே, காய்ந்த புழுதியில், விதையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். புழுதி விதைப்பு என்று இதற்குப் பெயர். வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கரிசல் மானாவாரிக்கு இதைத்தான் சிபாரிசு செய்கிறது. ஆனால் அதற்கு முன்பே இது இருந்தது.

இதில் முக்கியமான விஷயம் ஆழம். விதை இரண்டு அங்குலத்தில், சுமார் 5 சென்டிமீட்டரில், கிடக்க வேண்டும். அதற்கு மேலே கிடந்தால் புரட்டாசியில் பெய்கிற ஒரு சிறு தூறலை நம்பி விதை ஊறிவிடும். ஊறிய விதை திரும்பத் தூங்க முடியாது. முளை விடும், கீழே ஈரமிராது, கருகும். இரண்டு அங்குலத்தில் கிடந்தால் சிறு மழை அதை எட்டாது. இருபது இருபத்தைந்து மில்லிமீட்டர் பெய்து மண் நனைந்தால்தான் விதைக்குச் செய்தி போகும். அப்படியானால் இன்னும் ஆழமாகப் போட்டால் பத்திரந்தானே என்று கேட்கலாம். முடியாது. சோளம் ஊசிபோல ஒரு முனையை மேலே அனுப்புகிற பயிர். பருத்தி அப்படியில்லை. கழுத்தைக் கொக்கிபோல் வளைத்து, மடங்கிய இரண்டு விதையிலைகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு மண்ணைப் பிளந்து வரவேண்டும். விதைக்குள்ளிருக்கும் சேமிப்பு அதற்கு ஒரு அளவுக்குத்தான் போதும். ஆழம் கூடினால் பாதி வழியில் தீர்ந்துவிடும். மேலே பொய் மழை, கீழே பலஹீனம். இந்த இரண்டுக்கும் நடுவிலிருப்பது இரண்டு விரற்கடை. என் அய்யா மேழியை அழுத்துகிற அழுத்தத்தில் அதை நிர்ணயிப்பார். அளந்து நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் பருத்தி போடுகிறவர்கள் விதைக்குமுன் மண்ணில் வெப்பமானியைச் செருகிப் பார்க்கிறார்கள். மண் 60 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேலேறி, அடுத்த சில நாட்களும் வெதுவெதுப்பாக இருக்குமென்றால்தான் விதைப்பு. ஊறுகிற முதல் மணிகளில் விதை குடிக்கும் தண்ணீர் சில்லென்றிருந்தால், நாற்று பிழைத்தாலும் அந்தக் காயம் கடைசிவரை போகாது. நம் புரட்டாசியில் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே சூட்டுக்குக் காத்திருக்கிறார்கள், இங்கே ஈரத்துக்கு. அங்கே காத்திருந்துவிட்டு விதைக்கிறார்கள். இங்கே விதைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது காரியம் மனசுக்குக் கஷ்டமானது. கை விட்டுப்போன பொருளைப் பற்றிய காத்திருப்பு அது.

நான் மதுரையில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருஷம் படித்தபோது அய்யா முதல் தடவையாகப் பி.டி. பருத்தி விதைப் பொட்டலம் வாங்கினார். இந்தியாவில் 2002-ல் அனுமதிக்கப்பட்ட விதை. முன்பு 1,600 ரூபாய்க்கு மேல் விற்ற பொட்டலம் 2006-ல் 750-க்கு இறங்கியபின் எங்கள் ஊர்ப் பக்கமும் பரவிற்று. பொட்டலத்தில் 450 கிராம், ஒரு ஏக்கருக்கு. கூடவே பி.டி. அல்லாத விதை 120 கிராம் தனிப் பையில் இருந்தது. அதைக் காட்டைச் சுற்றிலும் போடவேண்டும் என்பது அப்போதைய விதி. புழுக்கள் விஷத்துக்குப் பழகிவிடாமலிருப்பதற்காக.

அதுவரை எங்கள் வீட்டில் விதை என்பது போன வருஷத்துப் பருத்தியை அரைத்து எடுத்து, மூட்டையில் கட்டி மூலையில் வைத்தது. தாத்தா காலத்தில் கருங்கண்ணி. 1901-ல் ஏற்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை பல தலைமுறைகளாகத் தேர்ந்து கொடுத்த நாட்டுப் பருத்தி அது. இழை குட்டை. ஆனால் வறட்சி தாங்கும். தத்துப்பூச்சி, அசுவினித் தொல்லையும் குறைவு. பஞ்சு ஒட்டிய விதை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் என்பதால் அம்மா சாணிப்பாலில் புரட்டிச் சாம்பல் தூவி உலர்த்துவாள். ஏக்கருக்கு ஏழெட்டுக் கிலோ தாராளமாகப் போடுவார்கள். முளைத்தபின் இருபதாம் நாளுக்குள் கூடுதலைக் கலைத்துவிடுவார்கள். பாதி பொய்த்தாலும் மூலையில் இன்னும் ஒரு மூட்டை இருக்கும். புழுதி விதைப்பு என்ற துணிச்சலின் பின்னால் இருந்தது இந்த மூட்டைதான் என்று இப்போது தோன்றுகிறது. துணிச்சலை நான் அய்யாவின் குணம் என்று எண்ணியிருந்தேன். அதில் ஒரு பகுதி விதையின் விலை.

பொட்டல விதையை எண்ணி எண்ணி ஊன்ற வேண்டும். குழிக்கு ஒன்று. மழை விழுந்தபின் ஈரத்தில் ஊன்றலாம் என்றுதான் ஊரில் பலரும் சொன்னார்கள். அய்யா கேட்கவில்லை. பழக்கப்படி மூன்று ஏக்கரிலும் புழுதியில் போட்டார். புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் ராத்திரி மழை. பெரிய மழையுமில்லை, சிறு மழையுமில்லை. அது அரைகுறையாக வந்ததுதான் வினை. பள்ளத்தில் கிடந்த விதை முளைத்தது. மேட்டில், கொஞ்சம் மேலாகக் கிடந்தது மட்டும் ஊறி, வெள்ளையாக முளை நீட்டி, அப்படியே நின்றது. காட்டின் ஒரு மூலையில் செவல் கலந்திருக்கும். அங்கே மழைக்கு அடுத்த வெயிலில் மண் பொருக்குத் தட்டிவிட்டது. முளை அடியிலிருந்து முட்டியும் மேலே வர முடியவில்லை. அய்யா கருவேல முள்ளைக் கட்டி இழுத்துப் பொருக்கை உடைத்தார். கொஞ்சம் வந்தது, கொஞ்சம் கழுத்தொடிந்தது.

பாடு நிரப்ப வேண்டும். முளைத்துப் பத்து நாளுக்குள் நிரப்பாவிட்டால் பின்னால் போட்டது முன்னால் முளைத்ததன் நிழலில் சவலையாகிவிடும். அடுத்த வீட்டுக்காரர் செல்போனிலிருந்து அய்யா என்னைக் கூப்பிட்டார். “ஏய்யா, சனி ஞாயிறு வந்துட்டுப் போயிரு. அம்மாவால முடியல.” பார்க்கிறேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஒரு இலக்கியக் கூட்டம். நான் முதன்முதலாகக் கட்டுரை படிப்பதாக ஏற்பாடு. பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ பற்றி. காத்திருத்தலே செயலாகிவிடும் நாடகம் என்று இருபது நிமிஷம் பேசினேன். கைதட்டினார்கள். ஊருக்குப் போகவில்லை.

இன்னொரு பொட்டலம் வாங்கக் காசில்லாததால் அய்யாவும் அம்மாவும் அந்த 120 கிராம் பையைப் பிரித்துப் பாடு நிரப்பினார்கள். சுற்றிலும் போடவேண்டிய விதை நடுக்காட்டில் முளைத்தது. அதில் பின்னால் காய்ப்புழு விழுந்தது. அந்த வருஷம் ஏக்கருக்கு இரண்டு குவிண்டால்கூடத் தேறவில்லை. விதி தெரியாமல் செய்த காரியம் இல்லை. விதை விற்றவர் சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

தீபாவளிக்குப் போனபோது அய்யா ஒன்றும் கேட்கவில்லை. காட்டுக்குக் கூட்டிப்போனார். பிழைத்த செடிகள் மூன்று நான்கு இலையோடு அரையடிகூட இல்லாமல் நின்றன. முதல் நாற்பது நாள் பருத்தி அப்படித்தான் நிற்கும். மொட்டு எடுப்பதற்கே முப்பத்தைந்து நாற்பது நாளாகும். அதுவரை பார்க்கிறவனுக்கு ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. இலைப்பேன், தத்துப்பூச்சி என்று சாறுறிஞ்சுகிற சில்லறைச் சத்துருக்கள் மட்டும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அய்யா களைக்கொத்தியால் ஒரு செடியைப் பக்கத்தில் தோண்டி, வேர் அறாமல் எடுத்துக் காட்டினார். மேலே நாலு விரல். கீழே ஒரு சாணைத் தாண்டி ஆணிவேர் போயிருந்தது. “வளரலைன்னு நெனச்சேன்” என்றார். அவ்வளவுதான். எடுத்த செடியைத் திரும்ப நட முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு செடியைச் செலவழித்துத்தான் எனக்கு அதைக் காட்டியிருந்தார்.

இதையெல்லாம் பார்த்தவன்தான் ஒன்பது வருஷம் முன்பு ஒரு சிறுகதையைப் பற்றிப் பின்வருமாறு எழுதினேன்: ‘நிகழ்வே இல்லாத கதை. பாத்திரம் விதைக்கிறான், பிறகு பன்னிரண்டு பக்கங்களுக்குக் காட்டுக்குப் போகிறான், குனிகிறான், வீடு திரும்புகிறான். மண்வாசனை என்ற பெயரில் நம் எழுத்தாளர்கள் செயலின்மையை விற்கிறார்கள்.’ எழுதியவரின் பெயரை இங்கே சொல்லவில்லை. அதன்பின் அவர் கதை அதிகம் எழுதவில்லை. என் விமர்சனம்தான் காரணம் என்று நினைக்கிற அளவுக்கு எனக்கு அகங்காரமில்லை. காரணமே இல்லை என்று சொல்லிக்கொள்ளவும் துணிவில்லை.

பெரியவர் வந்துபோன அன்று ராத்திரி அந்தக் கதையைத் தேடி எடுத்துத் திரும்ப வாசித்தேன். அந்த ஆள் ஐந்து தடவை குனிகிறான். முதல் தடவை மண்ணைக் கீறி ஒரு விதையை எடுத்து நகத்தால் அழுத்துகிறான். கல் மாதிரி இருக்கிறது. திரும்ப வைத்து மூடுகிறான். தூறலுக்கு மறுநாள் எடுத்ததை மோந்து பார்க்கிறான். மூன்றாவது தடவை எடுத்த விதையை மூடும்போது கூட ஒரு பிடி மண் போடுகிறான். விதை காய்ந்து கிடக்கிறதா, ஊறிவிட்டதா, அழுகிவிட்டதா என்பது மூன்று வெவ்வேறு பதில்கள். பதிலுக்குத் தக்கபடி செய்யவேண்டியதும் வேறு: சும்மா இருப்பது, மறுவிதைக்குக் கடன் கேட்கப் போவது, காட்டையே சோளத்துக்கு மாற்றிவிடுவது. ஐந்து குனிதலும் ஐந்து தீர்மானங்கள். கதை இதை எங்கும் விளக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வினைச்சொல்லைப் போட்டிருக்கிறது. அவ்வளவையும் ‘குனிகிறான்’ என்ற ஒரே சொல்லில் நான் போட்டு மூடியிருந்தேன்.

விவசாயியின் மகனுக்குத்தான் இந்தக் கதை புரியும் என்று இதிலிருந்து யாராவது முடிவுகட்டினால் அது இன்னொரு அசட்டுத்தனம். நான் விவசாயியின் மகன்தான், எனக்குப் புரியவில்லை. பட்டணத்தில் பிறந்த ஒருவன், பருத்திச் செடியையே பார்க்காதவன், வினைச்சொற்கள் மாறுவதைக் கவனித்திருந்தால் இங்கே ஏதோ நடக்கிறது என்று கண்டுகொண்டிருப்பான். எனக்கு நேர்ந்தது அனுபவக் குறைவு அல்ல. அனுபவம் இருந்தது; அதை விமர்சனத்துக்குள் கொண்டுவரக் கூச்சப்பட்டேன். நிகழ்வு, முரண், உச்சம் என்று கல்லூரியிலிருந்து கொண்டுவந்த கட்டங்கள் கையிலிருந்தன. கதையை அவற்றில் நிரப்பினேன். நிரம்பாத கட்டத்துக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினேன். கவுண்டரில் செப்டம்பர் 26 என்று எழுதிய அதே கை.

என் தேதியால் பெரியவருக்கு நஷ்டம் எதுவும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. 2016-ல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பருத்திக்கு விவசாயியின் பங்கு அதிகபட்சம் ஐந்து சதவீதம். விளைச்சல் குறைவுக்கான இழப்பீடு தனி ஒருவரின் காட்டைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை, அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதையும் வைத்துத்தான். ஆகவே அவர் காட்டு விதை ஐப்பசி எத்தனாம் தேதி விழித்தது என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்படாத ஒன்றைத்தான் அவர் சரியாக எழுதவேண்டுமென்று கவலைப்பட்டார். எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. இப்போதெல்லாம் கேட்கிறவர்களிடம் இரண்டு தேதியையும் கேட்டுக்கொள்கிறேன். விதை போட்ட தேதி கட்டத்துக்குள். மழை தேதி ஓரத்தில், பென்சிலால். தணிக்கைக்கு வந்தவர் இது என்ன என்று கேட்டார். குறிப்பு என்றேன்.

என் விமர்சனத்தில் அந்தக் கதையைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதே தொகுதியின் மற்றக் கதைகளைப் பற்றிச் சொன்னது நிற்கட்டும். அவை இன்றைக்கும் எனக்குப் பலஹீனமாகவே படுகின்றன. இதை ஆசிரியருக்கு ஒரு கடிதத்திலும் எழுதினேன். ஒரு மாதம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது. விமர்சனத்தைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. ‘உங்கள் பக்கம் இப்போதும் புழுதியில் விதைக்கிறார்களா? எங்கள் பக்கம் விட்டுவிட்டார்கள்’ என்று கேட்டிருந்தார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அய்யாவுக்குப் போன் செய்தேன். “பொட்டல வெதைய எவன் புழுதியில போடுவான்? எல்லாரும் மழைக்குப் பெறகுதான். நான் மட்டும் ஒரு ஏக்கர் போட்டுருக்கேன், பழைய வெதை. எதுக்குக் கேக்க?” என்றார். ஒரு எழுத்தாளர் கேட்கிறார் என்றேன். “ரெண்டு வெரக்கடைன்னு எழுதிரு” என்றார். எழுதி அனுப்பியிருக்கிறேன்.